சூலியாத் தெருவில் மூன்று நாள்

நுழையும்முன்

முதுகில் ஒரு பையும் கையில் அளவான பணமுமாக அயல்நாடு காணப் புறப்படும் இளைஞர்கள் இன்று பெருகிவருகின்றனர். அவர்கள் விரும்பித் தங்கும் தென்கிழக்காசிய நகரங்களுள் ஒன்று, மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன். அந்நகரின் தெருப்பெயர்களிலும் உணவிலும் வழிபாட்டிடங்களிலும் தமிழரின் இருநூறாண்டு வாழ்வு படிந்துள்ளது. மூன்றே நாள் தங்கும் பயணி ஒருவருக்கு அவ்வாழ்வு எந்த அளவுக்குக் கண்ணில் படும் என்பதைக் கூறுகிறது இப்பாடம்.

ஒரு பெயர், இரண்டு ஊர்

சென்னைக் கடற்கரையிலிருந்து ஆவடி நோக்கிச் செல்லும் புறநகர்த் தொடர்வண்டி, அம்பத்தூரைக் கடந்ததும் நிற்கும் இடம் திருமுல்லைவாயில். வண்டியில் செல்வோருள் பலருக்கு அது தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் நெருங்கிய ஒரு நிறுத்தம் மட்டுமே. சுந்தரர் பதிகம் பாடிய தலம் அது. தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாகவும், அக்கொடியை வெட்டிய வாள் புதருள் மறைந்திருந்த இலிங்கத்தின்மேல் பட்டதாகவும் தலவரலாறு கூறும். மாசிலாமணீசுவரர் கோயிலில் எருக்கந்தூண்கள் இரண்டு இன்றும் நிற்கின்றன. சீர்காழிக்கு அருகிலும் ஒரு திருமுல்லைவாயில் உண்டு. அதனைத் தென்திருமுல்லைவாயில் என்றும், சென்னைக்கு அருகில் உள்ளதை வடதிருமுல்லைவாயில் என்றும் பிரித்துக் கூறுவது மரபு.

இவ்வூரிலிருந்து இளைஞர் ஒருவர் புறப்படுவதாகக் கொள்வோம். கல்லூரிப் படிப்பை முடித்து, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஓராண்டு பணியாற்றிச் சேர்த்த பணம் அவரிடம் இருக்கிறது. இரண்டு வாரப் பயணத்தில் மூன்று நாளை ஜார்ஜ் டவுனுக்கு ஒதுக்குகிறார். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது அவருக்குப் புதிதன்று. சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு. பினாங்கின் நகரம் 1786இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைப் பெற்றது. சென்னையின் பகுதிக்கு அப்பெயர் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அது ஐந்தாம் ஜார்ஜைக் குறித்தது. இரண்டிடத்திலும் கடலோரத்தில் ஒரு கோட்டை. இரண்டிடத்திலும் கட்டம் கட்டமாகத் தெருக்கள். இரண்டிடத்திலும் அர்மீனிய வணிகரின் பெயரால் ஒரு தெரு. சென்னை மக்களின் நாவில் 'அர்மீனியன் தெரு' 'அரண்மனைக்காரத் தெரு' ஆயிற்று. அங்கே எந்த அரண்மனையும் இல்லை. காதில் விழுந்த அயற்சொல்லுக்குத் தம் மொழியில் ஒரு பொருளைத் தாமே படைத்துக்கொண்ட மக்களின் திறத்துக்கு அது நல்ல சான்று. பினாங்கின் தெருப்பெயர்களிலும் இத்தகைய விளையாட்டுகள் பல உண்டு.

பயணச் செய்திகள் சுருக்கமானவை. 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் நுழைவிசைவு இன்றி முப்பது நாள் வரை மலேசியாவில் தங்கலாம். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேராகச் செல்லும் வானூர்தியும் உண்டு. எனினும் நம் பயணி வேறு வழியைத் தேர்கிறார். கோலாலம்பூரில் இறங்கி, தொடர்வண்டியில் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து படகேறுகிறார். குறுகிய நீரிணையைக் கடக்கக் கால்மணி நேரமே ஆகிறது. நீர்வழியே அந்நகரை அணுகுவதில் ஒரு பொருத்தம் உண்டு. அவருக்கு முன் அங்குச் சென்ற தமிழர் அனைவரும், வானூர்திக் காலம் வரும் வரை, நீர்வழியேதான் சென்றனர்.

மூட்டையோடு வந்தவர்கள்

1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் நீராவிக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனும் தடத்தில் 1973 வரை ஓடியது. அதன் மேல்தளத்தில் பாயை விரித்து, கட்டுச்சோற்றையும் தகரப்பெட்டியையும் அருகில் வைத்துக்கொண்டு, ஒரு வார அளவு கடலில் கழித்தோர் ஆயிரமாயிரவர். பின்னர் அத்தடத்தில் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985இல் அக்கப்பலில் நேர்ந்த தீ விபத்தோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து முடிவுற்றது. இன்றும் தஞ்சை, நாகை, இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் முதிய குடும்பங்களில் 'பினாங்குப் பாட்டனார்' என ஒருவர் நினைவுகூரப்படுவார். மலாயா, சிங்கப்பூர், பினாங்கு என்னும் வேறுபாடின்றிக் 'கப்பலேறிப் போனவர்' என்று கூறுவதும் வழக்கம்.

அவ்வாறு போனவர்கள் பல திறத்தினர். வணிகர் உண்டு, கணக்கர் உண்டு, படகோட்டிகள் உண்டு. கூலித் தொழிலாளராகச் சென்றோரே மிகுதி. பினாங்குக்கு எதிரே, பெருநிலத்தில் 'வெல்லெஸ்லி மாகாணம்' எனப்பட்ட பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பரவின. அத்தோட்டங்களுக்குத் தமிழகச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. பயணச் செலவு கடனாக எழுதப்பட்டது. கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நீங்க இயலாது. 1910இல் ஒப்பந்தமுறை ஒழிந்தது. பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே ஆள் திரட்டும் முறை 1938 வரை நீடித்தது. நம் இளைஞரின் முதுகுப்பையில் திரும்பும் பயணச்சீட்டு இருக்கிறது. அவர்களுள் பலருக்கு அது இல்லை.

தெருவுக்குப் பெயர் வந்த வழி

படகுத்துறையிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் சூலியாத் தெரு தொடங்குகிறது. இன்று அதன் மலாய்ப் பெயர் 'லெபோ சூலியா'. மலிவான விடுதிகளும், மிதிவண்டி வாடகைக்கடைகளும், பயண முகவர் அலுவலகங்களும், பணமாற்றுக் கடைகளும் நிறைந்த தெரு அது. ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் முதுகுப்பைப் பயணிகள் பல பத்தாண்டுகளாக அங்கும் அதனை ஒட்டிய 'லவ் லேன்' சந்திலும் தங்கிவருகின்றனர். எட்டுக் கட்டில்கள் அடுக்கப்பட்ட அறையில் ஒரு கட்டில் நம் பயணிக்கும் கிடைக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் 'சூலியா' என்பதன் பொருளைக் கேட்டால் அறிந்திருக்கமாட்டார். கேட்கத் தோன்றுவதே அரிது.

1786 ஆகஸ்டு 11 அன்று பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் தீவை உரிமையாக்கிக்கொண்டார். அதற்குமுன் அது கெடா சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டது. கடற்கரையை ஒட்டி நான்கு தெருக்களை எல்லையாக வைத்து ஒரு சிறுநகரம் வகுக்கப்பட்டது. அந்நான்கனுள் தெற்கெல்லையாக அமைந்ததே இத்தெரு. முதலில் அது 'மலபார் தெரு' எனப்பட்டது. அக்கால ஐரோப்பியர், தமிழரையும் 'மலபாரிகள்' என்றே குறித்தனர். பின்னர் அது சூலியாத் தெரு ஆயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரைச் 'சூலியர்' என அழைத்தனர் என்றும், 'சோழ' என்னும் சொல்லின் திரிபே அது என்றும் பலர் கருதுவர். காலப்போக்கில் அச்சொல் தமிழ் முஸ்லிம் வணிகரைச் சிறப்பாகக் குறித்தது.

1794இல் லைட் எழுதிய அறிக்கை ஒன்று இம்மக்களைப் பற்றிய அரிய சான்று. சோழமண்டலக் கரையின் துறைமுகங்களிலிருந்து வந்த சூலியர் ஏறத்தாழ ஆயிரம்பேர் அங்குக் கடைக்காரராகவும் கூலிகளாகவும் நிலைத்திருந்தனர் என்கிறது அது. மேலும் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கப்பல்களில் வந்து, வணிகத்தாலும் உடலுழைப்பாலும் சில வெள்ளிகளை ஈட்டிக்கொண்டு ஊர் திரும்பினர்; அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வந்தனர். நகரம் தோன்றி எட்டே ஆண்டுகள் ஆன காலம் அது. காட்டை வெட்டியவர்களும் துறையில் சுமை இறக்கியவர்களும் படகு செலுத்தியவர்களும் அவர்களுள் இருந்தனர். நகரை நிறுவியவர் என்ற பெருமை லைட்டின் சிலைக்குக் கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்தது ஒரு தெருவின் பெயர். அதுவும் நிலைத்தது ஒருவகையில் வியப்பே. ஆங்கிலேயப் பெயர்கள் பல பிற்காலத்தில் மாற்றப்பட்டபோதும் 'சூலியா' மாறவில்லை.

தெருவின் இருபுறமும் கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. கீழ்த்தளத்தில் கடை, மேல்தளத்தில் வீடு. முகப்பு குறுகியது; உள்ளே நீண்டு செல்வது. நடுவில் வானம் பார்த்த முற்றம். கடைமுகப்பை ஒட்டி, மேல்தளத்தின் நிழலில், தொடர்ச்சியான நடைவழி செல்கிறது. அதனை மலாயில் 'காக்கி லீமா' என்பர். 'ஐந்தடி' என்பது பொருள். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாது ஊர் முழுதும் நடக்கலாம் என்பதே அதன் நோக்கம். தமிழகத்துத் திண்ணையை அறிந்தவர் இதனை உடனே உணர்வர். வழிப்போக்கருக்கு இடம் தருவது திண்ணை. இங்கே வீட்டின் ஒரு பகுதியே வழியாகிவிட்டது. இன்று அந்நடைவழியில் பல இடங்களில் இருசக்கர வண்டிகளும் உணவு மேசைகளும் வழிமறித்து நிற்கின்றன. அதுவும் நம்மூர் நினைவையே தருகிறது.

ஐந்து வழிபாட்டிடங்கள்

சூலியாத் தெருவைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெரு. முன்பு அது 'பிட் தெரு' எனப்பட்டது. பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற காதர் மொய்தீன் என்னும் வணிகரை ஆங்கிலேய அரசு தென்னிந்தியர்க்குத் தலைவராக, அதாவது 'காப்பித்தானாக', அமர்த்தியது. 1801இல் அவர் முயற்சியால் எழுந்த பள்ளிவாசல் அவர் பதவிப்பெயராலேயே வழங்குகிறது. இன்று காணும் குவிமாடங்களும் உயர்ந்த தூபியும் இருபதாம் நூற்றாண்டில் விரிவாக்கப்பட்டவை. 'கெலிங்' என்னும் சொல் 'கலிங்கம்' என்பதிலிருந்து வந்தது என்பர். இந்தியரை இன்று அச்சொல்லால் சுட்டுவது இழிவாகக் கருதப்படுகிறது. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது வரலாறாக நிலைத்துவிட்டது.

அதே தெருவில் சிறிது தொலைவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் விடியலில் சீனர் எழுப்பிய கருணைத் தேவி கோயில் ஊதுவத்திப் புகை சூழ நிற்கிறது. தெருவின் வடகோடியில் 1818இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம். அடுத்த தெருவான குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். சூலியாத் தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த சிறிய தர்கா. கடலைக் கடந்தவர்கள் ஊரிலிருந்து தம்மோடு கொண்டுசென்றவை மாரியம்மனும் நாகூராரும் என்றே கூறலாம். கடலில் கப்பலைக் காப்பவர் எனக் கடலோடிகள் நம்பிய ஷாகுல் ஹமீது ஆண்டவருக்கு, ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் இறங்கிய தெருவிலேயே நினைவிடம் அமைந்தது இயல்பானது.

சுற்றுலா வழிகாட்டிகள் இதனை 'நல்லிணக்கத் தெரு' என்று போற்றுகின்றன. அது பொய்யன்று. ஒரு கோயிலின் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கும் ஒரே காற்றில் கலப்பதை அங்கு நிற்கும் எவரும் கேட்கலாம். ஆயினும், எல்லாம் தொடக்கம் முதலே அமைதியாக நிகழ்ந்தன எனக் கருதிவிடலாகாது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு காப்பித்தானை அமர்த்தித் தனித்தனியே ஆள்வது ஆங்கிலேயரின் நிருவாக முறை. 1867 ஆகஸ்டில் இதே தெருக்களில் பல நாள் கலவரம் மூண்டது. சீன மறைவுக் குழுக்கள் இரண்டும், அவற்றோடு சேர்ந்த மலாய், இந்திய முஸ்லிம் குழுக்கள் இரண்டும் இரு அணிகளாக மோதிக்கொண்டன. இரு அணிகளிலும் எல்லா இனத்தவரும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. அர்மீனியன் தெருவுக்கு அருகில் 'பீரங்கித் தெரு' என ஒன்று இருப்பது அக்கலவரத்தின் நினைவாகவே என்பர். நல்லிணக்கம் அத்தெருவுக்கு நாள்பட வந்தது; சண்டையிட்டவர்களின் பிள்ளைகள் அண்டை வீட்டாராகத் தொடர்ந்து வாழ்ந்ததால் வந்தது. நிழற்படம் எடுத்துக்கொண்டு கடந்துசெல்பவருக்கு இப்பகுதி தெரியவருவதில்லை.

தோளில் சுமந்த சோறு

பினாங்குக்குச் சென்று 'நாசி கண்டார்' உண்ணாமல் திரும்புவோர் அரியர். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் தண்டு. தண்டின் ஒருபுறம் சோற்றுப்பானை, மறுபுறம் குழம்புச் சட்டிகள் எனத் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் விடியற்காலையில் துறைமுகத்துக்குச் சுமந்துசென்று கூலித்தொழிலாளர்க்கு விற்றனர். நம்மூரில் காவடி என்கிறோம், அமைப்பு அதுவே. தெருவில் திரிந்த சோறு பின்னர்க் கடைக்குள் குடியேறியது. பெயர் மட்டும் தோளைவிட்டு இறங்கவில்லை.

கடையின் முன் வரிசை நிற்கிறது. தட்டில் சோறு, அதன்மேல் விரும்பிய கறியோ மீனோ வெண்டைக்காயோ, பிறகு நான்கைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவர். சோறு மூழ்குமளவு வேண்டுமானால் 'பஞ்சிர்' என்று கேட்க வேண்டும். வெள்ளம் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டு நாவுக்கு அக்குழம்பு சற்று இனிப்பாகவும் சற்று அயலாகவும் இருக்கும். கருவேப்பிலையும் இருக்கும், சீனரின் சோயாச் சாறும் இருக்கும். இத்தகைய கடைகளை மலேசியர் 'மாமாக்' கடை என்பர். 'மாமா' என்னும் தமிழ் உறவுச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

கல்லாவில் இருப்பவர் நம் பயணியின் பேச்சைக் கேட்டதும் தமிழில் வினவுவார்.

"எந்த ஊர் தம்பி?"

"மெட்ராஸ் பக்கம் பாய். திருமுல்லைவாயில்."

"அது எங்க இருக்கு? எங்க தாத்தா ஊரு ராமநாதபுரம் பக்கம். நான் பார்த்ததில்ல."

இத்தகைய உரையாடல் அங்கே நாள்தோறும் நிகழ்கிறது. மூன்றாம் தலைமுறையினர்க்கு ஊர், முகவரியாக இல்லாது பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

மலாய் மொழியில் தமிழ்ச் சொற்கள் பல கலந்துள்ளன. பினாங்கின் பெயர்ப்பலகைகளில் அடிக்கடி காணும் 'கெடை' என்பது நம் 'கடை'யே. கப்பல் 'காப்பால்' என்றும், பெட்டி 'பெத்தி' என்றும், கட்டில் 'காத்தில்' என்றும், குளம் 'கோலம்' என்றும், திரை 'தீராய்' என்றும், சுருட்டு 'செருத்து' என்றும், கொத்துமல்லி 'கெத்தும்பார்' என்றும் வழங்குகின்றன. வணிகம், கடற்பயணம், சமையல் ஆகிய மூன்று துறைகளிலேயே இவை மிகுந்திருப்பது நோக்கத்தக்கது. நாகூரில் பிறந்த குலாம் காதிறு நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ் இதழை நடத்தினார்.

மலையும் தேரும்

இரண்டாம் நாளைப் பலர் பினாங்கு மலைக்கும் கெக் லோக் சி என்னும் பெரிய பௌத்தக் கோயிலுக்கும் ஒதுக்குவர். மலைக்குச் செல்லும் இழுவை இரயில் 1923 முதல் ஓடுகிறது. கோயிலின் அடுக்குக் கோபுரம் 1930இல் நிறைவுற்றது. இரண்டும் காணத்தக்கவை. அவற்றைப் பற்றி எல்லா வழிகாட்டி நூல்களும் விரித்துரைப்பதால் இங்கு மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை.

தமிழ் மாணவர் காணவேண்டிய மலை வேறொன்று. நகரின் புறத்தே 'தண்ணீர்மலை' என நம்மவர் அழைக்கும் குன்றில் பாலதண்டாயுதபாணி கோயில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளோடு உயர்ந்து நிற்கிறது. அடிவாரச் சாலையில் நகரத்தார் எழுப்பிய முருகன் கோயிலும் உண்டு. செட்டிநாட்டிலிருந்து சென்ற நகரத்தார் பினாங்குத் தெருவில் 'கிட்டங்கி'களை அமைத்துப் பணம் கொடுத்து வாங்கும் தொழிலை நடத்தினர். கிட்டங்கி என்பது நீண்ட கூடம். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டியும், அதன்முன் உட்கார ஒரு பாயும். பகலில் அலுவலகம், இரவில் படுக்கை. ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்து ஏழுபேரோடு உறங்கும் இன்றைய பயணி அவ்வாழ்க்கையைச் சிறிது உணரலாம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள், பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளித்தேர் புறப்பட்டுத் தண்ணீர்மலை அடிவாரம் செல்கிறது. அத்தேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. வழிநெடுகச் சிதறுகாய் உடைக்கப்படும். உடைப்போருள் சீனர் எண்ணற்றோர். குவியல் குவியலாகத் தேங்காய்களைச் சாலையில் அடுக்கி, தேர் அணுகியதும் ஒன்றன்பின் ஒன்றாக அவர்கள் உடைக்கும் காட்சி தமிழ்நாட்டிலும் காணக்கிடைக்காதது.

எதிரே தெரியும் மலை

மூன்றாம் நாள் காலை, வானம் தெளிந்திருந்தால், கடற்கரையில் நின்று வடக்கே நோக்குபவர்க்குப் பெருநிலத்தில் நீலநிற மலை ஒன்று தெரியும். அது கெடா மாநிலத்தின் ஜெராய் மலை. 1200 மீட்டருக்கு மேல் உயரமுடையது. சோழர் கல்வெட்டுகள் கூறும் கடாரம் அப்பகுதியே. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகமும் அதுவே என்பர் உரையாளர். கடலில் வந்த மரக்கலங்களுக்கு அம்மலையே அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய பௌத்த, இந்துக் கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. அதற்கு முன்பே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் கொடையாக அளித்தான். இச்செய்தியை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. அவை இன்று 'லெய்டன் செப்பேடுகள்' எனவும் அறியப்படுகின்றன.

கடாரம் கொண்டானின் பெயரைக் கேட்டவுடன் தமிழ் உள்ளம் பெருமிதம் கொள்வது இயற்கை. ஆனால், அம்மலைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையில் ஏழரை நூற்றாண்டு இடைவெளி உண்டு. சூலியாத் தெருவை உருவாக்கியது சோழப் படை அன்று. படைவீரரின் வெற்றியைக் கல்வெட்டும் செப்பேடும் பாதுகாத்தன. நான்கு கறிச்சட்டிகளைத் தோளில் சுமந்தவரின் பெயரையோ, எதிர்க்கரைக் கரும்புத் தோட்டத்தில் கடன் தீராமல் இறந்தவரின் பெயரையோ எந்த ஏடும் காக்கவில்லை. பினாங்கைக் காணச் செல்லும் தமிழர் முதலாவதை மட்டும் தேடிச்சென்றால் நகரின் பெரும்பகுதியைக் காணாமலே திரும்பிவிடுவார்.

எஞ்சியிருப்பவர்கள்

2008 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. ஜார்ஜ் டவுனில் ஏறத்தாழ 109 ஹெக்டேர்ப் பரப்பு இதன் மையப்பகுதி. பழைய கட்டடங்களை இடிக்கத் தடை வந்தது. சுண்ணாம்புச் சுவர்கள் புதுப்பொலிவு பெற்றன. தெருக்களின் பழங்கதைகளை நகைச்சுவையோடு கூறும் இரும்புக்கம்பி ஓவியங்கள் சுவர்களில் பொருத்தப்பட்டன. 2012இல் எர்னெஸ்ட் சகாரெவிச் என்னும் லித்துவேனிய ஓவியர் அர்மீனியன் தெருவில், மிதிவண்டியில் செல்லும் இரு சிறார்களைச் சுவரில் தீட்டினார். வண்டி மட்டும் உண்மையானது. அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்ள இன்றும் மக்கள் வரிசையில் நிற்கின்றனர்.

இவை வெளிப்பார்வைக்குத் தெரிபவை. உள்ளே நடந்தது வேறு. கடைவீடுகளில் தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் வாழ்ந்தோரை ஒரு சட்டம் காத்துவந்தது. 1966ஆம் ஆண்டின் அந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் உரிமையாளர்கள் விரும்பிய வாடகையைப் பெறலாம் என்றாயிற்று. தையற்காரர், பிரம்பு பின்னுவோர், பெயர்ப்பலகை செதுக்குவோர், சிறு மளிகைக்காரர் ஆகியோருள் பலர் வெளியேறினர். பின்னர் மரபுச் சின்ன அறிவிப்பால் வீட்டுமனைகளின் விலை மேலும் உயர்ந்தது. வெளியேறியவர்களின் இடங்களில் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. கட்டடம் காக்கப்பட்டது, அதில் வாழ்ந்தவர் காக்கப்படவில்லை. யுனெஸ்கோ அந்நகரைத் தேர்ந்ததற்குக் கூறிய காரணங்களுள், பல இன மக்களின் உயிருள்ள மரபும் ஒன்று என்பதை நினைவிற்கொண்டால் இதன் முரண் புலப்படும்.

நம் பயணி உறங்கிய எட்டுக் கட்டில் அறையும் ஒருகாலத்தில் ஒரு குடும்பத்தின் மேல்தளமாக இருந்திருக்கக்கூடும். அதற்காக அவரைக் குற்றம் கூறுவது முறையாகாது. பயணிகளின் வருகையால் வாழ்வோரும் அத்தெருவில் உள்ளனர். காலை உணவை விடுதியின் காப்பிக் கடையில் உண்பதா, எதிரேயுள்ள மாமாக் கடையில் உண்பதா என்னும் அளவிலேனும் தேர்வு அவர் கையில் இருக்கிறது. பூச்சரம் கட்டுபவரிடமும், மசாலை அரைப்பவரிடமும், பழைய அச்சகத்தின் வாயிலில் அமர்ந்திருப்பவரிடமும் சில சொற்கள் பேச மூன்று நாள் போதும். அவர்களோடு பேசும் மொழி அவருக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஐரோப்பியப் பயணிக்கு அவ்வாய்ப்பு இல்லை.

மூன்றாம் நாள் மாலை அவர் மீண்டும் படகேறுகிறார். பைகளோடு நிற்கும் பயணிகள் சிலரே. படகில் பெரும்பாலோர் வேலை முடித்துத் திரும்புவோர். கடைகளிலும் விடுதிகளிலும் பகல் முழுதும் உழைத்துவிட்டு, வாடகை குறைந்த எதிர்க்கரை நகரங்களுக்கு அவர்கள் செல்கின்றனர். மலாய்ப் பேச்சுக்கும் ஹொக்கியன் சீனத்துக்கும் இடையில் தமிழும் கேட்கிறது. விளக்குகள் ஏற்றப்பட்ட நகரம் பின்னே செல்கிறது. பட்டர்வொர்த் துறையில் அவர்களுக்கான பேருந்துகள் காத்து நிற்கின்றன.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலோ நகரிலோ உள்ள பழைய தெரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயர் வந்த வழியை அங்கு வாழும் முதியோரிடம் கேட்டறிந்து எழுதுக.

உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ மலாயா, பர்மா, இலங்கை முதலிய நாடுகளுக்குக் கப்பலேறிச் சென்றவர் இருப்பின், அவர் கொண்டுசென்ற பொருள்கள், திரும்பிவந்த ஆண்டு, அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றைப் பற்றித் தகவல் திரட்டி வகுப்பறையில் பேசுக.